தோஷமுள்ள கிராங்க்

தோஷமில்லாத கிராங்க் வாங்க மரகதத்துக்கு வசதியில்லை. தோஷமுள்ளதை வாங்க மனசில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, உக்கடம் பழைய இரும்புச் சந்தையில் காலையிலிருந்து கால் தேய நடந்துகொண்டிருந்தாள். ஒரு கடையில் நிற்பாள், எடுப்பாள், வைப்பாள், அடுத்த கடைக்குப் போய்விடுவாள். உட்கார்ந்து யோசிக்கிற பழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது.

"சித்தெ நில்லு புள்ள. உன்னப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது," என்றாள் ஷாகிதா. எஞ்சின் சாமான் கடைக்காரி. மரகதத்தைவிட இரண்டு வயதுதான் மூத்தவள், ஆனால் வாய்க்கு மட்டும் வயது அறுபது.

சொல்லிக்கொண்டே, எஞ்சினுக்குள் சுழல்கிற கோணல்மாணல் தண்டான கிராங்க் ஒன்றைத் தூக்கி மேசையில் போட்டு, நாடிமானியால் ஒரு தட்டுத் தட்டினாள். பேனா அளவுக் கருவிதான். தட்டின ஒலி உலோகத்துக்குள் போய்த் திரும்பி வரும். எங்கே கீறல், எங்கே சோர்வு, எத்தனை சுற்றில் உதறும் என்று அத்தனையும் திரையில் விழுந்துவிடும். கண்டுபிடித்தவர்கள் அதற்கு 'உள்ளாய்வு அறிக்கை' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். நம் ஊர் விடுமா? வந்த வேகத்திலேயே அறிக்கையை ஜாதகம் ஆக்கி, குறையைத் தோஷம் ஆக்கி, இரண்டு சாமான் சேருமா என்று பார்ப்பதைப் பொருத்தம் ஆக்கிவிட்டது. இப்போது ஜாதகமில்லாமல் குக்கர் மூடிகூட விற்காது. பாலம் இடிவதில்லை, லிஃப்ட் அறுந்து விழுவதில்லை, அந்த நன்மையை மறைக்கக் கூடாது. ஆனால் எலும்பும் தட்டினால் ஒலிக்கிற பொருள்தானே? யாரோ ஒரு புண்ணியவான் கருவியை மனுஷன் கையில் வைத்துப் பார்த்தான். அன்றைக்குப் பிடித்தது சனி.

மரகதத்துக்கு வலது மணிக்கட்டில் தோஷம். பள்ளிக்கூட நாளில் சைக்கிளிலிருந்து விழுந்து, சரியாகக் கூடாமல் போன ஒரு மயிரிழைக் கீறல். வலி கிடையாது, வேலைக்கு இடைஞ்சல் கிடையாது. ஆனாலும் எந்தப் பந்தயக் குழுவும் அவளை வண்டி ஓட்டச் சேர்க்கவில்லை. 'எஞ்சின் பூட்டறதுக்கு வாங்க, ஓட்டறதுக்கு வேண்டாமுங்க' என்றார்கள். அது போதாதென்று கல்யாணமும் நின்றது. சூலூர் நவநீதன் வீட்டில் பேசி முடித்து, பட்டெடுத்த பிறகு, அவனுடைய அம்மா வளையல் அளவு பார்க்கிற சாக்கில் அவள் கையில் நாடிமானியை வைத்தார். மறுநாள் சம்பந்தம் வேண்டாமென்று ஆள் வந்தது. நவநீதன் போனில் பேசினது ஒன்றே ஒன்றுதான்: "ஜாதகம் பொருந்தலைன்னா நான் என்னங்க பண்றது?"

அழுதாளா என்றால், அழுதாள். அழுகை தீர்ந்ததும் ஆத்திரம் வந்தது. சாலையெல்லாம் மின்வண்டியாகிவிட்ட அந்தக் காலத்தில், எஞ்சினை எரித்து ஓட்ட அனுமதி இருந்தது வெள்ளலூர் எரிகளத்தில் மட்டும்தான். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை பொதுப் பந்தயம் நடக்கும். குழு வேண்டாம், சிபாரிசு வேண்டாம், தன் கையால் பூட்டிய எஞ்சினோடு யாரும் வரலாம். தான் பூட்டியதைத் தானே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு வெறி. ஓட்டாவிட்டால் தூக்கம் வராது என்கிற நிலைமைக்கு மரகதம் வந்திருந்தாள்.

பூட்ட நினைத்தது நீள்வீச்சு எஞ்சின். பழைய கார் ஒன்றின் எஞ்சின் உடம்பு வீட்டில் கிடந்தது. உடம்பு அதே உடம்புதான். கிராங்கின் வீச்சை நீட்டிவிட்டால் உள்ளே பிஸ்டன் கூடுதல் தூரம் போய்வரும், கூடுதலாக மூச்சு இழுக்கும், கூடுதலாகத் தள்ளும். சின்ன அடுப்பில் பெரிய சமையல். வம்பும் அங்கேதான் இருக்கிறது. வீச்சு நீண்டால் பிஸ்டன் மேலே முட்டும், ஆகவே தலை குட்டையான பிஸ்டன் வேண்டும். பிஸ்டனைக் கிராங்கோடு கோக்கிற ராடு பக்கச் சுவரில் உரசும், ஆகவே ஒடிசலான ராடு வேண்டும், ஒடிசலாக இருந்தாலும் ஒடியக் கூடாது. கல்யாண வீட்டுச் செலவு மாதிரி, ஒன்றைத் தொட்டால் அது இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரும்.

"எதுல காசு போடறே, எதுல மிச்சம் புடிக்கறே? அத மொதல்ல சொல்லு," என்றாள் ஷாகிதா.

"ராடுல மிச்சம் புடிக்க மாட்டேன்க்கா. அது அத்துதுன்னா எஞ்சின் வயித்தக் கிழிச்சுட்டு வெளிய வந்துரும். பிஸ்டனும் புதுசுதான். வால்வு, மூடியெல்லாம் பழசையே தேச்சுப் போட்டுக்குவேன்."

"அப்ப கிராங்கு?"

மரகதம் கையை விரித்தாள். நல்ல ஜாதகமுள்ள நீள்வீச்சுக் கிராங்க் விலைக்கு முழு எஞ்சினே வாங்கிவிடலாம். ஷாகிதா மேசையில் கிடந்ததைக் காட்டினாள். திரை சிவப்பாக எரிந்தது. வலு நன்று, கீறல் இல்லை, ஆனால் வார்ப்பிலேயே ஒரு கோணல். நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றைத் தொட்டால் ஒரு பக்கமாக உதறும். உருக்குவதற்காக ஒதுக்கிய சாமான், இரும்பு விலைக்கே கிடைக்கும்.

"வேண்டாம்க்கா. தோஷம்."

ஷாகிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடிப்பாவி! சூலூர்க்காரம்மா உன்னச் சொன்ன மாதிரியே நீ இதச் சொல்றியே!"

மரகதத்துக்குச் சுருக்கென்று தைத்தது. பையைத் தோளில் மாட்டிக் கிளம்பிவிட்டாள்.

"கோவிச்சுட்டுப் போகாத புள்ள. உங்க ஆளுக செவ்வாய் தோஷத்துக்கு என்ன பண்ணுவீங்க? அதே தோஷம் இருக்கற எடமாப் பாத்துக் கட்டிவெப்பீங்கல்ல? இதுக்கும் அப்புடி ஒண்ணத் தேடிப் புடி!"

ஷாகிதா சொன்னது முழுக்க முழுக்கக் கேலி. ஆனால் வாசல்வரை போன மரகதம் நின்றாள், திரும்பினாள். "அக்கா, அதே ஆறாயிரத்துல எதிர்ப்பக்கமா உதர்ற ஃப்ளைவீல் ஒண்ணு இருந்துச்சுன்னா?"

கிராங்கின் முனையில் மாட்டிக்கொண்டு சுற்றுகிற கனத்த சக்கரம்தான் ஃப்ளைவீல். ஒரு கதவை இந்தப் பக்கமிருந்து ஒருத்தனும் அந்தப் பக்கமிருந்து ஒருத்தனும் சமபலத்தோடு தள்ளினால் கதவு அசையாது. அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷமாக இது யாருக்கும் தோன்றாததற்குக் காரணம், எல்லோரும் சாமானைத் தனித்தனியாகத் தட்டி, சிவப்பு வந்ததும் தூக்கி எறிந்ததுதான். சிவப்போடு சிவப்பைச் சேர்த்து வைத்துப் பார்த்தவன் ஒருவனும் இல்லை.

அன்றைய மதியம் முழுக்க இருவரும் குப்பையைக் கிளறினார்கள். மரகதம் தட்டுவாள், உதடு பிதுக்குவாள், அடுத்ததை இழுப்பாள். ஷாகிதாவின் முக்காடெல்லாம் துரு. கடைசியில் ஒரு ஃப்ளைவீல் அகப்பட்டது. கிராங்கோடு முடுக்கி, நாடிமானியை வைத்தார்கள். தனித்தனியாகச் சிவப்பாக எரிந்த இரண்டும் ஒன்று சேர்ந்ததும் பச்சையாகிவிட்டன.

"யா அல்லா!" என்றாள் ஷாகிதா.

பந்தயத்துக்கு முன் எரிகளத்தில் ஓட்டப் பொருத்தம் பார்ப்பார்கள். எஞ்சின் ஓட வேண்டும், ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து நாடிமானி நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அறுபதுக்குக் கீழே என்றால் வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஆய்வாளர் தணிகாசலம் மரகதத்தின் சாமான் ஜாதகங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், அவள் மணிக்கட்டு ஜாதகத்தைப் பார்த்து இன்னும் சுளித்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். தொண்ணூற்றாறு. கருவி கெட்டுவிட்டதென்று வேறு கருவியை வரவழைத்தார். அதுவும் தொண்ணூற்றாறே சொன்னது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. எவ்வளவு பொருத்தினாலும் பந்தய எஞ்சினில் கொஞ்சம் நடுக்கம் மிஞ்சும், நீள்வீச்சில் இன்னும் கூடுதல். அது ஸ்டியரிங் வழியாகக் கையில் ஏறும். நல்ல எலும்பு அதைச் சிந்தாமல் சிதறாமல் தோள்வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க, பாதிப் பந்தயத்திலேயே கை மரத்துப்போகும். மரகதத்தின் கையில் அந்த நடுக்கம் மணிக்கட்டுக் கீறலோடு செத்துப்போனது. பந்தயத்தில் மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு வேகத்தைக் குறைத்தபோது, அவள் ஆறாயிரத்தைத் தாண்டி மிதித்துக்கொண்டே போனாள். ஜெயித்தாள். இறங்கி வந்து, ஷாகிதாவைக் கட்டிக்கொண்டு, "என்ற கைக்கா! என்ற கை!" என்று கத்தினாள்.

இதோடு நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஊருக்கு ஒன்று கிடைத்தால் அதன் உயிரை எடுக்காமல் ஊர் விடுமா? உக்கடத்தில் தோஷச் சாமானுக்குக் கிராக்கி வந்தது. நல்ல ஜாதகக் கிராங்குகள் தூசியடைந்தன. கிராக்கி வந்ததும் நல்ல சாமானைத் தட்டித் தோஷம் உண்டாக்கித் தருகிற ஆசாமிகள் முளைத்தார்கள், ரப்பர் சுத்தியோடு. சாமானில் ஆரம்பித்தது ஆளில் வந்து நின்றது. மணிக்கட்டில் அளவாகக் கீறல் போட்டுத் தருகிற மருத்துவமனைகள் வந்தன, வாசலில் இளந்தாரிகள் வரிசையில் நின்றார்கள். நேற்றுவரை தோஷமென்று ஒதுக்கியவர்களே இன்றைக்குத் தோஷமில்லையே என்று தலையில் கை வைத்தார்கள். மரகதத்துக்குச் சிரிப்பாக வந்தது. சிரித்துவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு களத்துக்குப் போய்விடுவாள். வருஷம் முழுக்க, கிடைத்த நேரமெல்லாம், அந்த எஞ்சினின் நடுக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சுற்றினாள்.

அடுத்த பொதுப் பந்தயம் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்து எஞ்சினை முறுக்கியதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நடுக்கம் மணிக்கட்டோடு நிற்காமல் முழங்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது.

தணிகாசலம் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அவள் கையைத் தனியாகத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அட, உங்களுக்கு நல்ல சேதிங்க. கீறல் சுத்தமாக் கூடிருச்சு. எலும்பென்ன இரும்பா? ஒரு வருஷமா அதிர்வு வாங்கி வாங்கித் தானா வளந்துக்கிச்சு. தோஷமே இல்லீங்க!"

"பொருத்தம்?"

"அது... நாப்பத்தொண்ணு." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஓட்ட முடியாதுங்க."

எவ்வளவு ஏங்கின சேதி! முன்பு இது கிடைத்திருந்தால் சூலூர்வரை ஓடிப்போய் அந்தம்மாள் மூஞ்சியில் காட்டியிருப்பாள். இப்போது வலது கையை இடது கையால் பிடித்து, யாரோ மாற்றி வைத்துவிட்ட பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அங்கேயும் இங்கேயும் நடந்தாள், டயரை ஓர் உதை விட்டாள். கீறல் போட்டுத் தருகிற மருத்துவமனைகள் நினைவுக்கு வந்தன. மணிக்கட்டை அழுத்தித் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"அந்தக் கிறுக்குத்தனம் மட்டும் பண்ணிப் பாரு, உன்ன நானே கொன்னு போட்டுருவேன்," என்றாள் ஷாகிதா, அவள் மனதைப் படித்தவளாக.

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "வேற ஆள் ஓட்டலாமுங்க, விதி எடங்குடுக்குது. எஞ்சின் உங்க பேர்லயே நிக்கும். இருங்க, காத்துட்டிருக்கறவங்கள்ல யாரு பொருந்தறாங்கன்னு பாத்துச் சொல்றேன்." கருவியில் தேடினார். "அடேயப்பா! ஒருத்தருக்குத் தொண்ணூத்தஞ்சு! உத்தமப் பொருத்தம்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் நவநீதன். வலது மணிக்கட்டில், வளையல் போடுகிற இடத்தில், புதுத் தழும்பு.

"மன்னிச்சுக்குங்க," என்றான். பொய்யாகத் தெரியவில்லை. "அன்னைக்குப் புத்தியில்லாமப் பேசிட்டேன். நீங்க ஜெயிச்சதுல இருந்து எனக்கும் ஓட்டணும்னு ஒரே வெறி. களத்துல ஒட்டியிருந்த இந்த எஞ்சின் ஜாதகத்தக் குடுத்து, அளவெடுத்து வெட்டிக்கிட்டதுங்க இது. ரெண்டு தடவ சரியா வரல, மூணாவது தடவதான் வந்துச்சு."

"குடுத்துரு புள்ள," என்று ஷாகிதா காதில் சொன்னாள். "இல்லீன்னா இந்த வருஷம் உன்ற எஞ்சின் களத்துலயே எறங்காது. போன வருஷப் பேரும் போயிரும்."

அது உண்மைதான், மரகதத்துக்கும் தெரியும். சாவியை எடுத்தாள். நவநீதன் தழும்புக் கையை நீட்டினான். பரிதாபமாகத்தான் இருந்தது. வெட்டி வெட்டிக் கூடின கை. பக்கத்தில் எஞ்சின் சூடு ஆறாமல் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. உக்கடத்துக் குப்பையில் அதைக் கிளறியெடுத்த மதியம் நினைவுக்கு வந்தது. தோஷமென்று கிளம்பிப் போனவள் வாசலில் நின்று திரும்பினாளே, அதுவும் நினைவுக்கு வந்தது.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பானெட்டை இழுத்து மூடி, அதன்மேல் கையை வைத்தாள்.

"ஜாதகம் நல்லாத்தான் பொருந்துதுங்க," என்றாள் நவநீதனிடம். "பொண்ணு மாட்டேங்குது. நான் என்னங்க பண்றது?"