வருகை நோட்டு

டீக் கோப்பையில் ஒரு வட்டம் விழுந்தது. அதற்குள் இன்னொன்று. அக்னஸ் டீச்சர் மேஜையில், பழைய வருகை நோட்டின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். வட்டங்கள் நிற்கவில்லை.

கல்குவாரியை மூடி நாலு மாதம் ஆகிவிட்டது. கே.கே. நகரைத் தாண்டியிருந்த அந்தக் குடியிருப்பில் இப்போது சாக்கடையும் தெருவிளக்கும் நாய்த் தொல்லையும்தான் பேச்சு. சங்கத்தின் ஒற்றை அறையில் இருபது பேர் மிக்சரைக் கொறித்தபடி உட்கார்ந்திருக்க, வெடிச் சத்தத்தில் விரிசல் கண்ட சீலிங்கில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

"கடைசி விஷயம்," என்றார் தலைவர் நஜிமுதீன். "இருசம்மாள் அக்கா இறந்ததைப் பத்தி கலெக்டர் ஆபீசுல ரிப்போர்ட் கேக்குறாங்க. வெளிய வந்தவங்க திரும்ப உள்ள போயிட்டாங்கன்னு எழுதியிருக்கேன். செயலாளர் நீங்கதானே, ஒரு கையெழுத்து போட்டுடுங்க டீச்சர்."

குவாரி ஓடிய நாட்களில் மாலை நாலு மணிக்கு மூன்று முறை சைரன் ஊதும். மூன்றாவது முடிந்ததும் வெடி. முதல் சைரனுக்கே எல்லாரும் புங்க மரத்தடிக்கு வந்துவிட வேண்டும் என்பது சங்கத்தின் ஏற்பாடு. வருகை நோட்டில் பெயர் பெயராக டிக் போட்டு, குவாரிப் பக்கம் கையை உயர்த்திக் காட்டுவது டீச்சரின் வேலை. இருசம்மாளுக்குக் காது கேட்காது. அவரை மட்டும் வீட்டுக்குள்ளே போய், தோளைத் தொட்டுக் கூட்டிவர வேண்டும்.

அன்றைக்கு மண்டையைப் பிளக்கும் வெயில். நாலு வீடு நடக்க டீச்சருக்கு அலுப்பாக இருந்தது. மற்றவர்களைப் பார்த்து வந்துவிடுவார் என்று டிக் போட்டார். "எல்லாரும் வந்தாச்சு," என்று கையையும் உயர்த்தினார். வெடித்ததும் இருசம்மாளின் அடுக்களைக் கூரை அப்படியே அவர்மேல் இறங்கியது.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓடிவந்த மகள் யாழினி, "அம்மாவைக் கூப்பிட்டீங்கதானே டீச்சர்?" என்று கேட்டாள்.

"கூட்டிட்டு வந்தேன்மா. எதுக்கோ திரும்ப உள்ள போயிட்டாங்க."

அந்தப் பெண் டீச்சரின் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதே சொல்லியிருக்கலாம். இப்போதும் சொல்லலாம். டீச்சர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடும்போது முதல் சைரன் ஊதியது.

யாரும் நிமிரவில்லை. நஜிமுதீன் நாய்களைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வெடிமருந்தின் கரிப்பு வாடை ஜன்னல் வழியாக வந்து டீச்சரின் தொண்டையில் உட்கார்ந்தது. எழுந்து வெளியே ஓடினார்.

புங்க மரத்தடியில் இருசம்மாள் நின்றிருந்தார்.

தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. விரல்களில் ஈரம் காயாத இட்லி மாவு. அந்த விரல்களில், டீச்சர் மேஜையிலேயே விட்டுவந்த நோட்டு. முகத்தில் கோபமே இல்லை. கொடுத்த வேலையைக் கவனமாகச் செய்கிறவரின் முகம். அதைப் பார்க்கத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை.

ஒரு டிக். அடுத்த பெயர். இன்னொரு டிக்.

"அக்கா, வேணாம்க்கா. அவங்க யாரும் வெளிய வரல. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. நான்தான்க்கா அன்னிக்கு உங்களைக் கூப்பிட வரல!"

இருசம்மாளுக்குத்தான் காது கேட்காதே. ஒரு டிக்.

இரண்டாவது சைரன்.

டீச்சர் திரும்பி ஓடினார். கதவு திறக்கவில்லை. கத்தினார். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டார். நஜிமுதீனின் தோள் ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. எட்டவில்லை. விரிசலிலிருந்து வெள்ளைத் தூசி மெல்லிய கோடாக இறங்கி டீக் கோப்பைகளில் விழுந்தது. அதையும் ஒருவர் எடுத்துக் குடித்தார்.

பின்னால் நோட்டு மூடும் சத்தம்.

"எல்லாரும் வந்தாச்சு, டீச்சர்."

மூன்றாவது சைரன் ஊத, இருசம்மாள் குவாரிப் பக்கம் திரும்பி, மாவு வழியும் கையை உயர்த்தினார்.