முப்பது நொடி மிகை

‘இன்னும் முப்பது நொடி. அதற்கு மேல் ஒரு நொடிகூடக் கூடாது.’

சுடர்க்கொடி உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் அளவி ஒருமுறை துடித்து அடங்கிவிட்டது. போதும் என்று அதற்குப் பொருள். பி கட்டடத்தின் கார் நிறுத்தத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி கழுவிக்கொண்டிருந்த மற்ற மூன்று பேரும், தங்கள் தங்கள் துடிப்பு வந்த கணமே துணியை வாளியில் போட்டுவிட்டு மேலே போய்விட்டார்கள். ஒருவருடைய காரின் பின்கண்ணாடியில் சோப்பு நுரை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. துடிப்புக்குப் பிறகு அதைத் துடைக்க இப்போதெல்லாம் யாருக்கும் தோன்றுவதில்லை.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. கதவைத் திறந்து கீழ்விளிம்பில் தேங்கியிருந்த நீரை ஒற்றி எடுத்தாள். பக்கக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எப்போதும் ஒழுகும் அந்த ஒற்றைக் கோட்டைத் துடைத்தாள். முப்பது. கையை எடுத்துவிட்டாள்.

வலப்பக்கச் சக்கரத்துக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குத் தூசி விட்டுப்போயிருந்தது. கை பரபரத்தது. தொட்டால் எல்லாம் வீண். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு அந்தத் தூசியைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய நாளில் இதைவிடக் கடினமான வேலை வேறொன்றும் இல்லை.

“ஏனுங்க மேடம்!” முதல் மாடி பால்கனியிலிருந்து கௌரிசங்கர் குரல் கொடுத்தார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். கையில் காப்பி டம்ளர். “ஓடாத வண்டிய இந்தத் தேய்ப்பு தேய்ச்சா தகரம் ஓட்டையாகிப் போகுமுங்க!”

“துரு ஏறாம இருக்கோணுமில்லைங்க” என்றாள்.

“காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. துருவே பயந்து ஓடிப் போயிருமுங்க!”

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். கார் பதினான்கு மாதமாக அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஓட்டுகிறவன் அவள் கணவன் ஜெயசீலன். அவன் ஒரு மதியம் மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தான். அன்றிலிருந்து பேச்சில்லை, அசைவில்லை. தொண்டைக் குழாய் வழியே மூச்சு. இரண்டு தெரு தள்ளியிருந்த பராமரிப்பு இல்லத்தில் பதினொரு கட்டில்கள். அதில் ஒன்று அவனுடையது.

அளவி வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வளையல் அகலத்தில் ஒரு பட்டை. தசை எவ்வளவு இறுகுகிறது, நாடி எவ்வளவு ஏறுகிறது, கை எந்த வகையில் அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு வேலைக்கு இதற்கு மேல் உழைத்துப் பயனில்லை என்ற இடத்தில் துடிக்கும். அது வந்த முதல் வாரம் சுடர்க்கொடி சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மணி நான்கு. மணிக்கட்டு துடித்தது. அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். நாற்பத்தொரு வயது வரையில் அவளிடம் யாருமே அந்த ஒரு சொல்லைச் சொன்னதில்லை. ஜெயசீலன் ஓடிவந்து பார்த்துவிட்டு, “நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?” என்று கேட்டான். நீ எப்போது சொன்னாய் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகவே அளவியின் மேல் அவளுக்குப் பகை இல்லை. அது எத்தனையோ பெண்களை உட்காரவைத்தது. அதன் பிறகு சம்பள வேலைகளும் அதன் கணக்குக்கு வந்தன. துடிக்கும்வரை செய்தால் வேலை முடிந்தது, துடிக்காமல் முடியாது. இந்தக் குடியிருப்பிலும், சாலைத் தூசியை உள்ளே சேரவிடக் கூடாது என்று, வாரம் இரண்டு துடிப்பு பதிவாகாத காருக்கு இடம் கிடையாது.

போதும் என்பது எவ்வளவு என்று அளவிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்பவர்களைப் பார்த்து அதுவே கற்றுக்கொண்டது. துடிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் மனிதர்களுடைய கை சற்று முன்பாகவே தளர்ந்துவிடும். அந்தத் தளர்வையும் அது கற்றது. அடுத்த நாள் ஒரு நொடி முன்னதாகத் துடித்தது. கை அதற்கும் முன்பாகத் தளர்ந்தது. முதலாண்டில் ஒரு காருக்கு இருபத்திரண்டு நிமிடம். போன ஆண்டு ஆறு.

ஆறு நிமிடக் கார்கள் ஓடத்தான் செய்தன. யாரும் அழவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்பு ஜெயசீலனைப் புரட்டிப் பார்த்தபோது முதுகின் அடியில் ஒரு புண் இருந்தது. இடது கை விரல்களுக்கு நடுவே தோல் வெந்து வெளுத்திருந்தது. உடம்பு துடைக்கும் ரெஜினா நல்ல பெண். அவள் ஒன்றும் ஏமாற்றவில்லை. நான்கு நிமிடத்தில் அவளுடைய அளவி துடித்தது, அடுத்த கட்டிலுக்குப் போனாள். அதற்கு மேல் தொட்டால் மிகை என்று பதிவாகும், இல்லத்தில் கேள்வி கேட்பார்கள். தொற்று வருமென்று உறவினர்கள் தொட்டுத் துடைக்கவும் அனுமதி இல்லை.

ஒரு முழு மனிதனுக்கு நான்கு நிமிடம் எப்படிப் போதும்? சுடர்க்கொடி முப்பது ஆண்டுகளாக ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். அளவியின் விதிநூலை வரவழைத்து நான்கு இரவு, நான்கு பகல் படித்தாள். முன்னூற்றுப் பதினாறாம் பக்கத்தில் இருந்தது. அளவிக்குக் கார் தெரியாது, மேசை தெரியாது, மனிதனும் தெரியாது. அதற்குத் தெரிந்தது கையசைவு மட்டும். ஈரத்துணியால் ஒரு பரப்பைத் துடைப்பது எல்லாம் ஒரே வகை. சாண் பரப்புக்கு இவ்வளவு என்று ஒரே அளவு. அந்த வட்டத்தில் அதிகம் துடைக்கப்படுகிற பரப்பு கார்தான். ஆகவே இரண்டு தெருவுக்கு இப்பால் கார்களின் மேல் தளர்ந்த கைகள்தாம் அவள் கணவனின் விரலிடுக்கைத் துடைக்காமல் விட்ட கைகள்.

மறுநாள் காலை அவள் ஒரு மணி நேரம் கார் கழுவினாள். அளவி அதைப் பிழை என்று தள்ளிவிட்டது. துடிப்புக்கு மேல் முப்பது நொடி வரைதான் அது கணக்கில் எடுக்கும். அதற்கு மேற்பட்டது இயல்பல்லாத உழைப்பு. நல்லது என்று நினைத்துக்கொண்டாள். அனுமதி எல்லைக்குள் நின்றபடியே ஓர் இயந்திரத்தை எப்படி நகர்த்துவது என்பது அவளுடைய தொழில். மற்ற எல்லோரும் துடிப்போடு நின்றுவிடுகிறவர்கள். முப்பது நொடி தாண்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

காலை ஒன்று, மாலை ஒன்று. நான்கு மாதம். கார் ஆறிலிருந்து ஒன்பது நிமிடத்துக்கு ஏறியிருந்தது. மனிதன் நான்கிலிருந்து ஆறுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இல்லத்துக்குப் போனாள். ரெஜினா ஜெயசீலனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் சுடர்க்கொடியின் குடியிருப்பிலேயே ஒன்பது கார்கள் கழுவிவிட்டு, பிறகு இங்கே வருவாள்.

“பாருங்க்கா, அண்ணனுக்கு முதுகு சுத்தமா ஆறிருச்சு” என்றாள். “மேல்தோலு புதுசா வந்திருக்கு.”

சுடர்க்கொடி குனிந்து பார்த்தாள். இளஞ்சிவப்பாக, குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. தொட வேண்டும்போல் இருந்தது. தொடவில்லை.

ரெஜினா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்தாள். துடிப்பு இன்னும் வரவில்லை. “என்ன எழவோ தெரியலக்கா. நாலு மாசமா இது நிறுத்தவே மாட்டேங்குது. காருல ஆரம்பிச்சா காரும் முடியல, இங்க வந்தா இதும் முடியல. ராத்திரி கைய மேல தூக்க முடியலக்கா. தலைக்கு எண்ணெய் வெக்க எங்க வீட்டுக்காரரக் கூப்புடறேன். அவருக்கு ஒரே கொண்டாட்டம்.”

“டாக்டர் கிட்டப் போனியா?”

“போனேனே. கையை அசைக்காதன்னாரு. சரிங்க சார், நீங்க வந்து தொடைச்சுட்டுப் போங்கன்னேன்.”

அவளே சிரித்தாள். துடிப்பு வந்தது. துணியை அலசிப் பிழிந்தபோது வலது தோளை லேசாகச் சாய்த்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவர். அவரைப் பார்க்க யாரும் வந்து சுடர்க்கொடி கண்டதில்லை. ரெஜினா அவருடைய கையை எடுத்ததும் அவர், கண்ணை மூடிக்கொண்டே, ஐந்து விரல்களையும் தாமாக விரித்துக் கொடுத்தார்.

சுடர்க்கொடி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு விரைந்து நடக்கும்போது ஒரே கேள்வி. அந்தத் தோளைச் சாய்த்தது யார்? விரல்களை விரிக்கவைத்தது யார்? இரண்டுக்கும் ஒரே ஆள் என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொன்னதால் நடை ஒன்றும் மெதுவாகவில்லை.

மாலை நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கௌரிசங்கர் கையில் தொடுதிரைப் பலகையுடன் நின்றார். அவருக்குப் பின்னால் ரெஜினா.

“உக்காருங்க” என்றாள்.

“இருக்கட்டுமுங்க” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். “மேடம், நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு மாசமா எங்கூட்டுல எம் பொண்டாட்டி சாப்பாட்டு மேசைய தொடைச்சுக்கிட்டே நிக்கறா. போதும்னு சொல்ல மாட்டேங்குதாம். சாம்பாரு ஆறிப் போகுது. அளவிக் கம்பெனிக்கு எழுதிப்போட்டேன். வட்டத்துல அளவு ஏறுறதுக்குக் காரணம் பி முன்னூத்தி நாலுன்னு பதில் வந்திருக்கு.” பலகையை அவள் பக்கம் திருப்பினார். “முன்னூத்தி நாலு நீங்கதானுங்களே?”

“நான்தான்.”

ரெஜினா அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. புரிந்துகொள்ள முயல்கிற முகம். அதைவிடக் கோபத்தைத் தாங்கியிருக்கலாம்.

“வேணும்னேவா பண்ணுனீங்க்கா?”

சுடர்க்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். பக்க எண்ணைக்கூடச் சொன்னாள். கௌரிசங்கர் நடுவில் இரண்டு முறை “அடேங்கப்பா” என்றார். கேட்டு முடித்ததும் அவருடைய முகம் இளகியிருந்தது.

“இதுக்கா இவ்வளவு பாடு? மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே. கம்பெனிக்காரங்களே வழி குடுத்திருக்காங்க. விலக்குப் பதிவுன்னு ஒண்ணு. நீங்க கட்டைவிரல் வெச்சா உங்க கை இந்த வட்டத்துக் கணக்குல சேராது. பதிலுக்கு அண்ணனுக்குத் தனிக் கணக்கு. பதினஞ்சு நிமிசம், எழுத்துலயே தர்றாங்க. நம்ம எல்லாருக்கும் பழையபடி ஆறு நிமிசம்.”

பதினைந்து. நான்கு மாதத்துக்கு முன்பு யாராவது இந்த எண்ணைச் சொல்லியிருந்தால் அவள் கைகூப்பியிருப்பாள்.

“மத்த பத்துப் பேருக்குங்க?”

“அது வட்டக் கணக்குல இருந்துட்டுப் போகுதுங்க. அவங்க யாரும் புகார் சொல்லலீங்களே.”

“அவங்களுக்குப் பேச்சு வராதுங்க.”

ரெஜினாதான் பேசினாள்.

“அக்கா, நான் கேக்கறேன். அண்ணனுக்குப் பதினஞ்சு நிமிசமும் என் கையால தர்றேன். ஒரு நொடி கொறைய மாட்டேன். மத்ததுக்கு விட்டுருங்க்கா. பத்துப் பேரு, ஒம்பது காரு. எனக்கு இருக்கறது ரெண்டு கை.”

“உன் காருல பாதிய நான் கழுவித் தர்றேன் ரெஜினா.”

ரெஜினா சிரித்துவிட்டாள். “நீங்க தொட்டா அதுவும் ஏறுமேக்கா!”

அது உண்மை. சுடர்க்கொடியும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. பதினொரு ஆண்டுக்கு முன்பு ஒரு கருவி அவளிடம் போதும் என்றது. இன்று எதிரே நிற்கும் பெண்ணிடம், நாள் முழுவதும், போதாது போதாது என்று சொல்லிக்கொண்டிருக்கும் கருவி அவள்தான். கட்டைவிரலை வைத்தால் அது நின்றுபோகும். ஜெயசீலனுக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். இந்தப் பெண் இன்றிரவு தன் தலைக்குத் தானே எண்ணெய் வைத்துக்கொள்வாள்.

தனிக் கணக்கு எப்படி ஓடும் என்பதையும் அவள் அறிவாள். ஒரே மனிதன், அவனைத் துடைக்க ஒரே கை. களைத்த கை. துடிப்பு வருமுன் அது தளரும், அளவி அதைக் கற்கும். பதினைந்து பன்னிரண்டாகும், எட்டாகும். ஒரு நாள் நான்கு. அப்போது அதை ஏற்றிவிட வட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். மற்ற பத்துப் பேர் அதற்கு வெகுகாலம் முன்பே நான்குக்குப் போயிருப்பார்கள். அதற்குக் கீழேயும் போயிருப்பார்கள்.

இதெல்லாம் சரியான காரணங்கள்தான். இவை எதுவும் இல்லாவிட்டாலும் தன்னால் அந்த விரலை வைக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம்தான் அவளை உலுக்கியது. ஜெயசீலனுக்காக என்று தொடங்கியது எந்த நாளில் அவனைவிட்டு நகர்ந்துபோனது?

“யோசிச்சுச் சொல்லுங்க மேடம். அவசரமில்லை. நாளைக்குக்கூட வெக்கலாம்.”

“யோசிச்சுட்டேனுங்க.” பலகையை மெல்ல அவர் பக்கமே திருப்பி வைத்தாள். “வேண்டாமுங்க.”

கௌரிசங்கர் எழுந்து செருப்பை மாட்டப் போனார். ரெஜினா நகரவில்லை. வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப நாளைக்கும் ஏறுமாக்கா?”

சுடர்க்கொடி அவள் கண்ணைப் பார்த்தாள். வேறெங்கும் பார்ப்பது நியாயமில்லை.

“ஏறும்” என்றாள்.