மூன்று சுழி மண்ணிப்பு

‘மனித குலம் இருளிலிருந்து மீள அனுதின செபம் ஒன்றே மார்க்கம் என்பதை யான் அறுதியிட்டு உரைக்கின்றேன்.’

அறுதியிட்டு உரைத்தவர் சாமஸ்ரீ, தேசகீர்த்தி, அகில இலங்கை சமாதான நீதவான் சவிரிமுத்து. அவர் உரைத்த தாள் கல்முனைக் கடைத்தெருவில், ஒரு சொப்பின் பைக்குள், கார்த்திகை மழையில் நனைந்துகொண்டிருந்தது. மை கரைந்து ‘கீர்த்தி’ ஓடிவிட்டது. ‘தேச’ மட்டும் மிச்சம்.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியவள் அவருடைய தங்கை மகள் ஸ்ரெலா. முன்பள்ளி ஆசிரியை. தாய் லூர்தம்மா கண்ணை மூடிப் பதினெட்டு நாள். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். இந்தக் கரையில் சாதாரண மனிதருக்கென்று ஒரு புத்தகம் வருவது செத்த பிறகுதான். அந்தப் புத்தகத்திலும் மாமாவின் முன்னுரை நான்கு பக்கம். அதில் அம்மாவுக்கு ஒரு வரி... ‘எனது தங்கையாகப் பிறக்கும் பேறு பெற்றவர்.’

முன்னுரை நனைந்தால் நனையட்டும். அதன் அடியில் இருந்த, அம்மா கையால் எழுதிய பழைய கொப்பி நனையக்கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

அச்சகத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாள். பை மேசையில் விழுந்தது. தண்ணீர் வழிந்தது.

“ஐயோ ரீச்சர்... நிக்காஹ் கார்ட்!”

ஒருவன் பாய்ந்து கார்டுக் கட்டைத் தூக்கினான். மேலிருந்த ஆறு கார்டிலும் மாப்பிள்ளையின் பெயர் ஏற்கனவே அழுதுகொண்டிருந்தது.

“நான் ரீச்சர் எண்டு ஆர் சொன்னது?”

“கையெல்லாம் கலர் சோக்கு.”

நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்கள்... மழை இறங்குவதற்கு முந்திய வாவியைப் போல... ஆழமாக, அசையாமல், அவளைத் தவிர உலகில் வேறொன்றும் இல்லாததைப் போல... அவள் மூச்சு ஒரு கணம் நின்றது. (அவனுக்குத் தூரப்பார்வை குறைவு, எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியவந்தது.)

அவன் பெயர் ரஜிதன். பாண்டிருப்பு ஊர்க்காரன். மக்கீன் காக்காவின் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோர்ப்பவன்.

“கரண்ட் இல்ல மகள், இரிங்க,” என்றார் உள்ளேயிருந்து மக்கீன் காக்கா. “எங்கட ஆக்களுக்கு துஆ, உங்கட ஆக்களுக்கு செபம். கரண்ட் இல்லாட்டி ரெண்டையும் அடிக்க ஏலா.”

ரஜிதன் யன்னல் வெளிச்சத்தில் கொப்பியைப் பிரித்தான். லூர்தம்மா முப்பது வருடம் கன்னியர் மடத்தில் சமைத்தவள். அங்கே ஒரு தியானத்தில் சொல்லிக்கொடுத்த ஐந்து கேள்விகளை முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். இண்டைக்கு எதுக்கு நன்றி? ஆண்டவர் எனக்கு என்ன வெளிச்சம் காட்டினவர்? இண்டைக்கு ஆரோட எப்படி நடந்தன்? எதுக்கு மண்ணிப்பு? நாளைக்கு என்ன செய்யணும்? அந்திக் கோயில்மணி அடித்ததும் அடுப்படியில் குந்தி, ஒவ்வொரு நாளும் அந்த ஐந்துக்கும் பதில் எழுதுவாள். கொப்பிகள் பல கரையான் தின்றுபோயின. மிஞ்சியது இது ஒன்று.

‘நண்டு மலிவாக் கிடைச்சது. நன்றி. சிஸ்டர்ட தேத்தண்ணிக்குச் சீனி எண்டு உப்புப் போட்டுட்டன். மண்ணிப்பு.’

அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

“என்ன சிரிப்பு?” ஸ்ரெலாவின் குரல் சுட்டது.

“இல்ல ரீச்சர்... மன்னிப்புக்கு ரெண்டு சுழி ன. இவ எல்லா இடத்திலயும் மூண்டு சுழி போட்டிரிக்கா...”

அவள் கொப்பியை அங்கேயே விட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

அடுத்த நாள் பள்ளி விட்டு வந்தபோது மெய்ப்பு ஆயத்தமாக இருந்தது. அழகான எழுத்து. மன்னிப்பு, மன்னிப்பு, மன்னிப்பு... எல்லா இடத்திலும் இரண்டு சுழி. பிழை இல்லை. அம்மாவும் இல்லை.

“ஆரக் கேட்டுத் திருத்தினீங்க?”

“பிழைதானே ரீச்சர்...”

“அம்மா அஞ்சாம் வகுப்போட நிண்டவ. முப்பது வருசமா ஆண்டவரிட்ட இந்த மூண்டு சுழியோடதான் மண்ணிப்புக் கேட்டவ. அவரே ஒரு நாளும் திருத்தல்ல. நீங்க ஆரு?”

உள்ளே மக்கீன் காக்கா தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம்கூட நின்றது.

“கொப்பியில கிடக்கிற எல்லாம் வரணும். ஒரு எழுத்து விடப்படாது, மாத்தப்படாது.”

“எல்லாமா ரீச்சர்?”

“எல்லாம்!”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நாற்பத்து மூன்று இடம். ஒவ்வொன்றாகத் திரும்ப மூன்று சுழியாக்கினான். அவள் போகாமல் வாசலில் நின்றாள். மழை விட்டால்தானே...

“உங்கட அம்மா பிழையாச்சும் விட்டுட்டுப் போயிரிக்கா,” என்றான் திரையைப் பார்த்தபடியே. “எங்கட அம்மா சுனாமியில வீட்டோட போனவ. படமும் இல்ல, கையெழுத்தும் இல்ல. ஊருக்கெல்லாம் நினைவு மலர் அடிக்கிறன்... அவவுக்குப் போட ஒண்டும் இல்ல.”

ஸ்ரெலா வாசலை விட்டு மேசையருகே வந்தாள். கோபத்தை வைத்திருந்த இடத்தில் கை விட்டுப் பார்த்தாள். காணவில்லை.

புறப்படும்போது அவன் குடை தந்தான். ஒரு கம்பி உடைந்த குடை. விரித்தால் ஒரு பக்கம் செத்த வௌவால் மாதிரித் தொங்கும். மூன்றாம் நாள் அதே குடையில் இருவரும் பஸ் தரிப்பிடம் வரை நடந்தார்கள்.

“அந்த அஞ்சு கேள்வியும்... எனக்கும் சரிவருமா ரீச்சர்? நான் வேதக்காரன் இல்லியே...”

“கேள்விக்கு ஞானஸ்நானம் குடுக்கத் தேவையில்ல.”

“அப்ப பதிலுக்கு?”

“பதில் உண்மையா இரிந்தாக் காணும்.”

குடையின் உடைந்த பக்கம் அவன் தோளில் இருந்தது. முழுக்க நனைந்தான். நனையாதவனைப் போல நடந்தான்.

மெய்ப்பு வந்த நாளிலிருந்து கொப்பியை ஒவ்வொரு அந்தியும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அடுப்பு ஆறிக் கிடந்தது. அம்மா குந்தும் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. மழை ஓட்டில் விழுந்துகொண்டே இருந்தது, யாரோ வாசலில் நின்று தட்டுவது போல... திறந்தால் யாரும் இல்லை. கோயில்மணி அடித்தது. அவள் கடைசித் தாளைப் பிரித்தாள். அம்மா விட்ட இடத்துக்குக் கீழே எழுதினாள்.

‘நன்றி: ஒரு குடை. ஆரோட எப்படி நடந்தன்: அச்சகத்தில இரிக்கிறவரோட கடுமையா நடந்தன். அவர்ட கண்ணப் பாத்துக் கதைக்க ஏலாமப் போனதால. மண்ணிப்பு. நாளைக்கு: திரும்பவும் மழை பெய்யணும்.’

காலையில் பள்ளிக்குப் போகும் அவசரத்தில் கொப்பியை அச்சகத்தில் கொடுத்துவிட்டு ஓடினாள். எழுதியதைக் கிழிக்க வேண்டுமென்று நினைத்திருந்தாள். மறந்துபோனாள்.

நினைவு வந்தது மதியம். இடி விழுந்ததும் அதே மதியம்தான். சவிரிமுத்து மாமா பள்ளி வாசலில் நின்றார்.

“நம் குடும்பத்தின் மாண்பு நடுத்தெருவில், ஓர் உடைந்த குடையின் கீழ் சென்றதாகக் கேள்விப்பட்டேன்.” வீட்டிலும் மேடைத் தமிழ் பேசுகிறவர் அவர். “அச்சகத்துப் பொடியன். வேதக்காரனும் அல்ல. இனி நீ அங்கே போகலாகாது. மெய்ப்பை யானே பார்ப்பேன்.”

“மாமா... அம்மாட கொப்பி?”

“சமையற்காரியின் உப்புப் புளிக் கணக்கைத் திருச்சபை செபிப்பதா? பார்க்கலாம்.”

இரண்டு பயம். அம்மாவின் பக்கங்களை மாமா வெட்டிவிடுவார் என்பது ஒன்று. அவளுடைய பக்கத்தை அவன் படித்துவிட்டிருப்பான் என்பது மற்றது. முதலாவதற்காகவாவது அச்சகத்துக்கு ஓடியிருக்கலாம். இரண்டாவது விடவில்லை. எந்த முகத்தோடு போவது? அவனும் வரவில்லை. சிரித்திருப்பான்... மூன்று சுழிக்கே அப்படிச் சிரித்தவன்...

பத்து நாள். மழை ஒரு நாள்கூட விடவில்லை. அவள் கேட்ட மழைதான்.

முப்பத்தோராம் நாள் கோயில் பாதிதான் நிறைந்திருந்தது. வாசலில் ரஜிதனும் மக்கீன் காக்காவும் மலர்க் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரெலா தலை நிமிரவில்லை. புத்தகத்தை விரித்தாள். முன்னுரை... படம்... மாமா மாலையோடு, மாமா மேடையோடு... ‘இந்நூலை மும்முறை மெய்ப்புப் பார்த்தேன்’... பதினோராம் பக்கத்தில் அம்மா வந்தாள். நண்டு, உப்புத் தேத்தண்ணி, மூன்று சுழி எல்லாம் அப்படியே.

கண் நிறைந்தது. மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

திருப்பலி முடிந்ததும் மாமா ‘ஆன்மசோதனை’ என்ற தலைப்பில் விரலை வைத்தபடி ஒலிவாங்கியைப் பிடித்தார். “அன்பார்ந்த இறைமக்களே, பதினேழாம் பக்கத்தைத் திருப்புங்கள். அனுதின ஆன்மசோதனையை யான் வாசிக்க, நீங்கள் பதில் சொல்லுவீர்களாக.”

தொண்டையைச் செருமி வாசித்தார். “‘இண்டைக்கு அண்ணன் வந்தவர். சனத்துக்கு முன்னால சமையற்காரி எண்டு ஏசினவர். நான் ஒண்டும் சொல்லல்ல. மனசுக்குள்ள சொன்னன். மண்ணிப்பு...’”

குரல் நின்றது. மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். அது தெளியவில்லை. கை தானாகப் பதினெட்டைப் புரட்டியது. நாற்பது வருட மேடைப் பழக்கம், வாயும் தானாகத் திறந்தது.

“‘அச்சகத்தில இரிக்கிறவரோட கடுமையா நடந்தன். அவர்ட கண்ணப் பாத்துக் கதைக்க ஏலாமப் போனதால. மண்ணிப்பு.’”

“மன்னித்தருளும் ஆண்டவரே,” என்றது சனம்.

ஸ்ரெலாவுக்கு வாங்குப் பலகையின் கீழ் ஒளிய இடம் தேவைப்பட்டது.

மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மும்முறை மெய்ப்புப் பார்த்தவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை என்றாகிவிடும். தேசகீர்த்தி தொடர்ந்தார். மழை கேட்ட வரிக்கு அடுத்தது அவள் எழுதியதல்ல...

“‘நன்றி: அண்டைக்குக் கரண்ட் போனதுக்கு. இருந்திருந்தா நான் தலை நிமிர்ந்திருக்க மாட்டன். வெளிச்சம்: எனக்குத் தூரம் தெரியா. கிட்ட வந்தவவத் தெரிஞ்சது. மண்ணிப்பு: அம்மாட எழுத்துக்குச் சிரிச்சதுக்கு. நாளைக்கு...’” மாமா தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். “‘நாளைக்கு ரீச்சரிட்டக் கலியாணம் கேக்கணும்.’”

“ஆமென்,” என்றது கோயில்.

வெளியே தாழ்வாரத்தில் மாமா அவளருகே வந்து நின்றார். மேடைத் தமிழ் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

“நான் அவள அப்பிடி ஏசினனா புள்ள?”

“ஓம் மாமா.”

அவர் பதினேழாம் பக்கத்துக்குள் விரலை வைத்தபடியே படியிறங்கினார். குடையை மறந்துவிட்டுப் போனார்.

தூணின் மறுபக்கம் ரஜிதன். முகம் நிக்காஹ் கார்டைப் போல வெளுத்திருந்தது.

“ரீச்சர்... அந்தத் தாள் உங்களுக்கெண்டு எடுத்தது. ஒரேயொரு பிரதி. சத்தியமா... நான் கடதாசி எடுக்கச் சாய்ந்தமருதுக்குப் போன நேரம் உங்கட மாமா வந்து, மேசையில கிடந்த அவ்வளவு தாளுக்கும் சைன் வச்சிட்டுப் போயிட்டார்...”

“சைன் வச்சத அடிக்காம விட்டா வம்புதானே மகள்!” என்றார் தள்ளி நின்ற மக்கீன் காக்கா. பிறகு, தனக்கு அங்கே வேலையில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடித்து, லொறிப் பக்கம் நடந்தார்.

“ஏன் பத்து நாளும் வரல்ல?” ஸ்ரெலா மழையைப் பார்த்தபடி கேட்டாள்.

“மூண்டு தரம் பள்ளி வாசல் வரைக்கும் வந்தன்... எந்த முகத்தோட வாற?”

அதே கேள்வி. அவளிடம் இருந்த அதே கேள்வி... அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மா இருந்திருந்தால் இன்றைக்கு எதை நன்றிக்குக் கீழே போடுவாள், எதை மண்ணிப்புக்குக் கீழே போடுவாள்?

“நாளைக்குக் கேக்கணும் எண்டு போட்டீங்களே... கேக்கல்லியே?”

“ஐந்நூறு பிரதியில கேட்டிட்டன். கோயிலே ஆமென் சொல்லிட்டு. நீங்க மட்டும்தான் இன்னும்...”

அந்தக் கண்களை இப்போதுதான் நேராகப் பார்த்தாள். தூரம் தெரியாத கண்கள்... அவள் இன்னும் ஒரு அடி கிட்ட வந்தாள்.

“ஓம்.”

மழை விடவில்லை. வெறுமையான வீட்டுக்குத்தான் அன்றும் திரும்பினாள். அந்திமணி அடித்ததும் அம்மாவின் பலகையை எடுத்துப் போட்டுக் குந்தி, பதினெட்டாம் பக்கத்தை இன்னொரு முறை பிரித்தாள். காதில் சரியாகக் கேட்டது கண்ணில் அப்படி இல்லை. மூன்று சுழிக்குச் சிரித்த அச்சுக்காரன் ‘லி’ வரவேண்டிய இடத்தில் ‘ளி’ போட்டிருந்தான். ஐந்நூறு பிரதிகளிலும் ‘களியாணம்’ என்றுதான் இருந்தது.