இரவல் துடிப்பு

இடது தோள்பட்டையில் வலி, காலையில் எழுந்தபோதே இருந்தது. பெட்டி தூக்கிப் பழகிய தோளுக்கு வலி புதிதில்லை. ஆனால் இது தூக்கி வந்த வலி இல்லை. இரவெல்லாம் யாரோ அதன்மேல் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தாற்போல ஒரு கனம். ஏணி தைலத்தைத் தேடவில்லை. எப்போதும் தைலம் பூசிக்கொண்டே வரும் மச்சான் செத்த நாளிலிருந்து அந்த வாசனையே அவனுக்கு ஆகாமல் போய்விட்டது.

மேல்தட்டுப் பெட்டியை எதன்மேலும் ஏறாமல் கை நீட்டி எடுப்பான் என்பதால் வந்த பெயர் ஏணி. உறைந்த மீன் வைக்கிற குளிர் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம். அவனும் தங்கை புருஷனான அந்த மச்சானும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். இன்று அவன் மட்டும் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தான். கனத்த அங்கியைப் போட்டான். பெஞ்சில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்தான்.

அந்த வாட்ச் கம்பெனி கொடுத்தது. பனி அறைக்குள் போகிறவர்களில் நாற்பத்தைந்து வயது தாண்டிய எல்லோருக்கும் ஒன்று. உள்ளே போனால் குளிரில் ரத்தம் ஒடுங்கிக்கொள்ளும். வாட்சின் பச்சை வெளிச்சத்துக்கு நாடி பிடிபடாது. அதனால் உள்ளே போகுமுன் வாட்ச் கட்டாத கையின் விரலை அதன் பக்கவாட்டுப் பொத்தானில் முப்பது வினாடி வைக்க வேண்டும். முப்பது, இருபத்தொன்பது என்று எண் இறங்கும். ஒரு சிவப்புக் கோடு மேடும் பள்ளமுமாக ஓடும். 'சீரான துடிப்பு' என்று வந்தால் உள்ளே விடுவார்கள். 'சீரற்ற துடிப்பு' என்று வந்தால் நர்சம்மா அறை. அங்கிருந்து பெரும்பாலும் வீடு.

மச்சான் ஒருநாள் வீட்டில் சும்மா விரலை வைத்துப் பார்த்தான். சீரற்ற துடிப்பு. அதை அழித்துவிட்டு மறுநாள் இதே பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மச்சான், உன் நெஞ்சைக் கொஞ்சம் இரவல் குடு."

"என் நெஞ்சு என்ன குடையாடா, மழைக்கு வாங்கிட்டுப் போக?"

"முப்பது செகண்டுதான். பாப்பா வேலை நிரந்தரம் ஆகுற வரைக்கும் நான் உள்ள ஓடிட்டிருக்கணும். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். வாங்கினதை வட்டியோட திருப்பித் தந்துடறேன், போதுமா?"

"வட்டியெல்லாம் வேணாம். டீ வாங்கிக் குடு."

"உன் தங்கச்சிகிட்ட மட்டும் வாயைத் திறந்துடாத. கட்டிப்போட்டு வைத்தியம் பார்ப்பா."

ஏணி சிரித்துக்கொண்டே மச்சானின் வாட்சைத் தன் கையில் கட்டிக்கொண்டு விரலை வைத்தான். சீரான துடிப்பு. இப்படி ஒன்பது காலை. ஒன்பதாவது நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், நாலாம் நம்பர் அறையில், பெட்டி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்த வாக்கில் மச்சானைக் கண்டார்கள். புருவத்தில் உறைபனி. ஏணிதான் தூக்கினான். தூக்கும்போது அந்த விறைத்த கை எப்படியோ அவன் ஆள்காட்டி விரலைப் பற்றிக்கொண்டது. விடுவிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினான். முதல் நாளே அவனுடைய வாட்ச் சொன்னது: சீரற்ற துடிப்பு.

நர்சம்மா மார்பில் ஒயர்களை ஒட்டித் தன் பெரிய மெஷினில் பார்த்தாள். "குதிரை மாதிரி ஓடுது உங்களுக்கு. வாட்சுக்குத்தான் மூளை குழம்பிப்போச்சு" என்று உள்ளே அனுப்பினாள். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் புது வாட்ச் கொடுத்தாள். அதிலும் அதே.

அந்தக் கோட்டை ஏணிக்குத் தெரியும். மச்சானின் மார்பில் கை வைத்துப் பார்த்தவன் அவன். இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். அவசரமாக மூன்று. பிறகு, எப்போது முடியும் என்று சொல்ல முடியாத ஒரு மௌனம்.

அவன் எண்ண ஆரம்பித்தான். கொடுத்தது ஒன்பது. திரும்பி வருவதும் ஒன்பதுதானே?

இதற்கு நடுவில் பாப்பா, தங்கை மகள். கிடங்கின் மேல்மாடியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். போன வாரம் படிக்கட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கு மாமா" என்றாள். டாக்டர், அப்பாவுக்கு இதயத்தில் ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்டிருக்கிறார். நர்சம்மா மச்சானின் வாட்ச் கணக்கைப் பார்த்து எல்லாம் சீர் என்று எழுதிக் கொடுத்தாள். "அப்பா போன பயம்தான், தூங்கினா சரியாகிடும்" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தச் சீர் எல்லாம் ஏணியினுடையது. வாயைத் திறந்தால் வேலை போகும். அது போனால் போகட்டும். தங்கை முகத்தை எப்படிப் பார்ப்பது? அவன் வாயைத் திறக்கவில்லை.

இன்று ஒன்பதாம் நாள். பெஞ்சில் உட்கார்ந்து விரலை வைத்தான்.

சீரான துடிப்பு.

ஏணிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஒன்று குறைகிறதே என்று ஒரு கணம் உறுத்தியது, தள்ளிவிட்டு எழுந்தான். சூப்பர்வைசர் பலகையைப் பார்த்துக் கூவினார்: "ஏணி, நாலாம் நம்பர்!"

கனத்த கதவு அவனுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. மங்கிய விளக்கு. மூச்சு வெள்ளையாகப் போய் முகத்துக்கு முன்னாலேயே நின்றது. தலைக்கு மேல் மின்விசிறிகளின் இரைச்சல். பனியை உருக்க அவற்றை அவ்வப்போது நிறுத்துவார்கள்; இருபத்திரண்டு வருஷமாகக் கேட்ட நிறுத்தம்தான். அன்று நின்றபோது மட்டும் காது அடைத்தது.

உறைபனியில் எதுவும் மணக்காது. மீன்கூட மணக்காது.

தைலம் மணத்தது.

பெட்டி அடுக்குக்குப் பின்னால் மரத்தை விரலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம். அவசரமாக மூன்று.

"யாரு அங்க?"

மௌனம். அந்த மௌனம் முடியவில்லை.

மணிக்கட்டு அதிர்ந்தது. கையுறையை விலக்கிப் பார்த்தான். திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது. இருபத்தொன்பது. அவன் வலது கை இரண்டடி தள்ளி, பெட்டியைப் பிடித்திருந்தது.

பொத்தான் உள்ளே அழுந்தியிருந்தது.

இருபது. பத்தொன்பது.

சிவப்புக் கோடு தடுக்கித் தடுக்கி ஓடியது. தோளில் அந்தக் கனம் நன்றாகச் சாய்ந்துகொண்டது. கழுத்தோரம் குளிர் காற்று விட்டு விட்டுப் பட்டது. மின்விசிறி எதுவும் ஓடவில்லை.

"மச்சான்... சொல்லிடறேன்டா. பாப்பா மேல சத்தியமா சொல்லிடறேன்."

பன்னிரண்டு. பதினொன்று.

ஏணி ஓடினான். கதவில் மோதினான். கைப்பிடியை இழுத்தான். வெளியே வந்து விழுந்தபோது திரையில் சுழியம். அதன் கீழே: சீரற்ற துடிப்பு. அவன் கணக்கில் ஒன்பது.

நர்சம்மா அறையில் தங்கையும் அவள் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்கு மறுபடியும் தலை சுற்றியிருக்கிறது, உதடு வெளுத்திருந்தது.

"அப்பா ரிப்போர்ட்டை நானே பாத்தேம்மா, ஒரு குறையும் இல்ல" என்று நர்சம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது அவன் நெஞ்சு இல்ல" என்றான் ஏணி. "என் நெஞ்சு. ஒன்பது நாளும் நான்தான் விரல் வச்சேன். அவனுக்குச் சீரில்லாமத்தான் இருந்துச்சு. பாப்பாவை இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

தங்கை அவனைப் பார்த்தாள். அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்திருந்தால் தேவலை.

"அவரை நீ தடுத்திருக்கலாம்ல அண்ணே" என்றாள். அவ்வளவுதான். மகள் கையைப் பிடித்து எழுந்தாள். நர்சம்மா ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அப்பாவுக்கிருந்த அதே கோளாறு. சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார்களாம். ஏணியை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அங்கியையும் வாட்சையும் ஒப்படைக்க நர்சம்மா அறைக்குப் போனான். தோளில் வலி இல்லை. எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டான்.

நர்சம்மா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ஒன்பது நாள்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"இங்க பத்து இருக்கு."

"பத்தா?"

"பத்தாவது அவர் போன அன்னைக்கு. மத்தியானம் பன்னெண்டு பத்துக்கு. அதுவும் சீரான துடிப்புதான்." அவள் குரல் தாழ்ந்தது. "அவர் செத்ததுக்கு அப்புறம், நீங்க அவரைத் தூக்கின நேரம்தானே அது?"

ஏணி தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தான். விறைத்த கை பற்றியிருந்த இடம். அந்தப் பிடியில்தான் அவன் விரல் மச்சானின் மறு கை வாட்சில் அழுந்திக் கிடந்தது. அந்த முறை மச்சான் அவனைக் கேட்கவில்லை, தானாக எடுத்துக்கொண்டான்.

மேசைமேல் கழற்றி வைத்த வாட்ச், யார் கையும் படாமல், மெல்ல ஒருமுறை அதிர்ந்து வெளிச்சம் போட்டது. 'விரலை வைக்கவும்.'

மச்சான் வாங்கியது பத்து. திருப்பித் தந்தது ஒன்பது. சாகும்போது அவன் நெஞ்சு துடித்த கடைசி முப்பது வினாடியை அவன் இன்னும் ஏணிக்குத் தர வேண்டும்.