அண்ணன் சொல்லாத 'கட்'

வெட்டிய இடத்தில் ஷாட் நிற்கவில்லை. அப்பா கண்ணை மூடியதுமே கச்சிதமாக நறுக்கியிருந்தாள்; ஓட்டிப் பார்த்தால், மூடிய கண்ணோடு இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கை தவறியிருக்கும் என்று மறுபடி வெட்டினாள்.

நடிகர் குடும்பத்தில் அவள் ஒருத்திதான் எடிட்டர். வீட்டில் செல்லப்பெயர் கத்திரி. அண்ணன் சீரியல் டைரக்டர். குடியே மூழ்கினாலும் டைரக்டர் 'கட்' சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அப்பா பீற்றிக்கொள்வார். சொன்னதும் விறுவிறுவென்று வந்து, மானிட்டர் முன்னால் இருப்பவர் தோளில் கை வைத்துக் குனிந்து பார்ப்பார். "ஒன் மோர் போலாமா?" என்பார்.

போன மாதம் இதே ஷாட்டில்தான் அவர் உயிர் போனது. என்னமா நடிக்கிறார் என்று அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான், பாவி! அதையும் இன்றைக்கே ஒளிபரப்பியாக வேண்டுமாம். மாட்டேன் என்றவளை அறைக்குள் விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஜன்னலில்லாத இந்த அறையிலோ ஏசியின் உறுமலும், சூடேறிய வயர் வாடையும், அதற்கடியில் மெல்ல மெல்ல அப்பாவின் மேக்கப் பவுடர் வாசனையும். மறுபடி ஓட்டினாள். அப்பா கண் திறந்திருந்தார். கேமராவைத் தாண்டி யாரையோ பார்த்தார். வியர்வை வழிந்தது. துடைக்கவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு நீ கட் சொன்னியா?"

"எங்கடி சொன்னேன்? எல்லாரும் ஓடிப்போய்த் தூக்கினோம்."

"இப்ப சொல்லு. போன்லயே சொல்லு."

"பைத்தியமா உனக்கு? வேலையப் பாரு, கத்திரி."

வைத்துவிட்டான். கதவை உலுக்கினாள். தட்டினாள். சத்தம் வெளியே போகாத அறை. திரையில் அப்பாவின் உதடு நடுங்கியது. ஐயோ, எத்தனை நாளாக இப்படியே உட்கார்ந்திருக்கிறாரோ! அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"கட், அப்பா," என்றாள். "போதும், எழுந்திருங்க."

அப்பா பெருமூச்சு விட்டார். எழுந்தார். திரையை விட்டு நடந்து போனார். காலி நாற்காலி. அப்பாடா என்றிருந்தது.

பவுடர் வாசனை மூக்கை அடைத்தது. தோளில் ஒரு கை. ஜில்லென்று.

"ஒன் மோர் போலாமா, கண்ணு?"

திரையில் நாற்காலி காலியாக இல்லை. அவள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கட் என்று கத்தப் பார்த்தாள். உதடு பிரியவில்லை. வியர்வை வழிந்தது.

தோளுக்கு மேல் குனிந்து அப்பா ரசித்துப் பார்த்தார்.

"அடடா! என்னமா நடிக்கிறே!"