உறங்க மறுத்த நகர்வீடு

காலை ஏழு மணிக்கு இருப்பிட ஆணையத்தின் பரிசோதகர் நஞ்சப்பன் வந்து கதவைத் தட்டுவார். சலேத் கதவைத் திறந்து, அவர் உள்ளே வந்ததும் சட்டென்று மூடிவிடுவாள். திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் வீட்டுச் சூடு வெளியே ஓடும். அவர் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டி உதிர்த்துவிட்டு, சமையல் தொட்டிக்கு முன்னால் போய் நின்று, பையிலிருந்து அளவியை எடுப்பார். பார்க்க அது ஒரு குவளைதான். ஆனால் அதன் அடியில் ஒரு கண் உண்டு. குழாயிலிருந்து விழும் நீரைப் பார்த்து, எந்த வீடு, எந்த நாள், எவ்வளவு நீர் என்று நேராகப் பதிவேட்டுக்கு அனுப்பிவிடும். நஞ்சப்பனே நினைத்தாலும் ஒரு சொட்டைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. குவளை நிறைந்ததும் கீச்சென்று ஒரு சத்தம். சலேத் கடுங்காப்பியை நீட்டுவாள். அவர் குடித்துவிட்டு இறங்கிப் போவார்.

ஐம்பத்தெட்டு நாட்கள் இப்படித்தான் போயின. ஐம்பத்தொன்பதாம் நாள், குவளை கீச்சிட்ட பிறகும் அவர் போகாமல் நின்றார்.

"அம்மணி, நாளைக்கு ஒரு நாளுதானுங்க மிச்சம். ஆனா இன்னிக்கு மத்தியானத்துலருந்து கரண்ட் இருக்காதுங்க. லைன் பராமரிப்புன்னு சொல்றாங்க."

"திரும்ப எப்ப வரும்?"

"நாளைக்கு மத்தியானம்."

"அதாவது நீங்க வந்து அளந்துட்டுப் போன பெறவு."

அவர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். "நானு போட்ட உத்தரவு இல்லைங்க."

"தெரியும் சார். குடிங்க, ஆறுது."

"தண்ணிய வடிச்சிருங்க அம்மணி. ராத்திரி மைனஸ் பன்னெண்டுன்னு போட்டிருக்கு. பைப்பு வெடிச்சா வீடே வீணாயிரும். ஒரு கையெழுத்துத்தானுங்க."

"இருநூறு வீட்டுல நானும் இதத்தான் சார் சொன்னேன்" என்றாள் சலேத்.

உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கும். குளிரடித்தால் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

கடல் ஏறி வந்து கரையோர ஊர்களை எடுத்துக்கொண்டபோது, அரசு அங்கே இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு நகர்வீடு கொடுத்தது. சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, படுக்கைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் இருபது அடிக்குள். நிலம் மட்டும் கொடுக்கவில்லை. எங்கே நிறுத்தினாலும் முப்பது நாள். முப்பத்தோராம் நாள் சாவியைத் திருக வேண்டும். பிறகு உலகத்தின் சூட்டைக் குறைக்க வானத்தில் பொடி தூவினார்கள். வான்தூவல் என்று அதற்குப் பெயர். தூவியது கொஞ்சம் கூடிப்போயிற்று. நீலகிரியின் மேல் சமவெளியில் பனி விழத் தொடங்கியது, இருந்தவர்கள் கீழே இறங்கிப் போனார்கள். அந்த வெறும் நிலத்தில் ஆளைக் குடியேற்றுவதற்காக ஒரு சட்டம் வந்தது. அங்கே மட்டும் முப்பது நாள் கெடு கிடையாது; குளிர்காலத்தில் ஒரே இடத்தில் அறுபது நாள், வீட்டில் ஆளும் குழாயில் நீரோட்டமும் இருந்தால் அந்த இடம் அந்த வீட்டுக்கு முகவரி ஆகும்.

சட்டம் வந்து முதல் குளிர்காலம் வருவதற்குள்ளேயே, பனிக்கு அடியில் இருந்த மண்ணுக்கு வேறு ஆட்கள் ஆசைப்பட்டார்கள். சட்டத்தை யாரும் மாற்றவில்லை. அதற்குப் பதிலாக ஆணையம் ஓர் இலவச சேவையைத் தொடங்கியது. குளிர்காப்புப் பிரிவு.

சலேத் அதில்தான் நான்கு வருடம் வேலை பார்த்தாள். நல்ல வேலைக்காரி. அடி வால்வுகளைத் திறந்து தொட்டியை வடிப்பாள். வெந்நீர்க் கலத்தைக் காலி செய்வாள். கம்ப்ரெசரை மாட்டி ஒவ்வொரு குழாயாக ஊதுவாள். கடைசியில் இளஞ்சிவப்பு நிறத்தில் உறைதடுப்பியை ஊற்றி, எல்லாக் குழாயும் சிவப்பாகத் துப்புகிறவரை பம்பை ஓட்டுவாள். தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும் என்பது உண்மைதான். ஆகவே அவள் பேச்சை எல்லோரும் கேட்டார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்கள். வேலை முடிந்தால் குளிர் குறைகிறவரை அவர்களைப் பொதுக்கூடத்தில் தங்க வைப்பார்கள்.

நான்காம் வருடம் ஏதோ ஒரு வால்வு வாங்க அலுவலகத்துக்குப் போனவள், சுவரில் ஓடிய பட்டியலைப் பார்த்தாள். அவள் வடித்த வீடுகளின் எண்களுக்கு எதிரே 'உறக்கம்' என்று இருந்தது. நீரோட்டம் இல்லாத வீடு உறங்கும் வீடு. உறங்கும் வீடு கைவிடப்பட்ட வீடு. ஆட்கள் கூடத்திலிருந்து திரும்புவதற்குள் டிராக்டர் வந்து சமவெளியிலிருந்து இழுத்துப்போய்விடும்.

போட்ட கையெழுத்தை மறுத்து எழுதிக் கொடுக்கலாமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் பூட்டு. முகவரி இல்லாதவர் சம்மதம் என்று எழுதினால் செல்லும். மறுக்கிறேன் என்று எழுதினால் செல்லாது. ஓர் இடத்தில் முகவரி உள்ளவரால் மட்டுமே, தமக்காகவும் பக்கத்து வீடுகளுக்காகவும் மறுக்க முடியும். மேல் சமவெளியில் அப்படி ஒருவரும் இல்லை.

சலேத் அன்றே வேலையை விட்டாள். சமவெளியில் மிச்சமிருந்த பன்னிரண்டு வீடுகளில் பதினொன்றை அவளே வடித்து முடித்திருந்தாள். பன்னிரண்டாவது அவளுடையது. நாளை காலை அவள் குழாயில் தண்ணீர் வந்தால், அந்தப் பதினொன்றை இழுக்க எட்டு மணிக்கு வரும் டிராக்டர்களை அவளால் நிறுத்த முடியும். வராவிட்டால் பன்னிரண்டும் போகும்.

பகல் பன்னிரண்டுக்கு மின்சாரம் நின்றது. குழாய்களைச் சுற்றியிருந்த வெப்பநாடா ஆறியது, ஹீட்டர் அணைந்தது. சிலிண்டரில் கேஸ் இருந்தது. அந்தக் குளிரில் அது ஆவியாக மாட்டேன் என்று அடியிலேயே கிடக்கும். அதை வீட்டுக்குள் தூக்கி வந்து சூடேற்றப் பார்த்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை. சலேத் கோட்டை மாட்டிக்கொண்டு பொதுக்கூடத்துக்கு நடந்தாள்.

அங்கே சாக்கின் மேல் இரண்டு சேலையும் ஒரு ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்தவள் கிளாடிஸ். சலேத் கடைசியாக வடித்தது அவள் வீட்டைத்தான்.

"வந்துட்டாளா தண்ணி வடிக்க" என்றாள் கிளாடிஸ். "எங்கிட்ட வடிக்க இனி மூத்திரந்தாம்ட்டி இருக்கு."

கூடம் சிரித்தது. சலேத் சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள்.

"வடிக்க வரல மைனி. கேக்க வந்தேன். இன்னைக்கு எல்லாரும் எங்க வீட்டுல வந்து படுக்கணும்."

"விருந்தா?" என்றார் ரெமி. எழுபத்தொரு வயது, முன்னாள் விசைப்படகு டிரைவர். "என்ன கறி?"

"கறி ஒண்ணும் இல்ல மாமா. கரண்ட நிறுத்திட்டாவ. உங்க ஒடம்புச் சூடு வேணும்."

"இந்த வயசுல எங்கிட்ட இதக் கேட்ட மொத பொம்பள நீதான் மக்களே."

இந்த முறை கிளாடிஸ் சிரிக்கவில்லை. "எங்க தொட்டியில அந்த ரோஸ் தண்ணிய ஊத்தும்போது என்ன சொன்ன? பைப்பு வெடிச்சிரக் கூடாதுல்லா மைனின்னு சொன்ன. நான் உனக்குக் கருவாடு பொரிச்சுச் சோறு போட்டேன்."

"போட்டீங்க. சாப்பிட்டேன்."

"தெரிஞ்சா செஞ்ச?"

"தெரியாமத்தான் செஞ்சேன். தெரியாதுங்கிறதுனால உங்க குழாயில தண்ணி வந்துராது மைனி. நாளைக்கு எங்க குழாயில வந்தாத்தான் உங்களுக்காக ஒரு கையெழுத்துப் போட முடியும்."

கிளாடிஸ் சாக்கிலிருந்து எழுந்தாள். பிறகு கேட்டாள்: "எந்த எடம் மொதல்ல உறையும்?"

"சமையல் தொட்டிக்குக் கீழ, வெளிச்சுவர ஒட்டி ஒரு வளைவு இருக்கு."

"அங்கன நான் இருக்கேன். உன்னைய நம்பி வுட மாட்டேன்."

வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடித்தார்கள். தென்னை நார்க்கழிவு மூட்டைகளை வீட்டின் அடிப்பாகத்தைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடுக்கினார்கள். டயர்கள் தரையோடு உறையாமலிருக்க ஏற்கெனவே பலகை கொடுத்திருந்தது. சலேத் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, கம்பளியில் சுற்றி, கம்பியை நீட்டிப் பம்போடு மறுபடி இணைத்தாள். குளிர்ந்த பேட்டரி பம்பை ஓட்டாது. அலமாரிக் கதவுகள் அத்தனையையும் திறந்து வைத்தாள், உள்ளிருக்கும் சூடு குழாய்களை எட்டட்டும் என்று. கூரைச் சாளரத்தை மட்டும் ஒரு விரல் அளவு திறந்து விட்டாள்.

"சூட்ட வெளிய வுடுதியே" என்றார் ரெமி.

"மூச்சுக் காத்துல உள்ள ஈரம் வெளிய போணும் மாமா. இல்லன்னா எல்லாம் நனைஞ்சு போயிரும். நனைஞ்ச கம்பளி ஒண்ணுத்துக்கும் ஆவாது."

பொழுது சாய்வதற்குள் பதினொரு வீட்டாரும் வீட்டுக்கு ஒருவராக வந்து சேர்ந்தார்கள். சலேத்தோடு பன்னிரண்டு பேர். ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே பழைய காலத்து நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு விடுவார். தண்ணீர்த் தொட்டிக்கு மேலிருந்த கட்டிலில் ஐந்து பேர். கழிப்பறைக் கதவைத் திறந்து வைத்து அதில் ஒருவர். கால் மாற்றி வைக்க வேண்டுமென்றால் நான்கு பேரிடம் சொல்ல வேண்டும். ரெமி பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளை இத்தனை கனம் இருந்ததில்லை என்றார். கிளாடிஸ் சமையல் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் தோள்வரை கையை நுழைத்து, குழாயின் வளைவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்தாள்.

விடிந்தபோது சன்னல்களின் உட்புறம் விரல் கனத்துக்குப் பனி. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கிளாடிஸின் கை வெளியே வர மறுத்தது. இரண்டு பேர் பிடித்து மெதுவாக இழுத்தார்கள்.

ஏழு மணிக்கு நஞ்சப்பன் கதவைத் தட்டினார். உள்ளே கால் வைத்ததும் அவர் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இத்தனை பேருங்களா?"

"ஆள் இருக்கணும்னுதான சார் விதி" என்றாள் சலேத். "எத்தனை பேருன்னு இல்லையே."

அவர் யோசித்துப் பார்த்தார். இல்லைதான். கால் வைக்க இடம் கேட்டு, தொட்டிவரை போய், குவளையைப் பிடித்தார். சலேத் குழாயைத் திறந்தாள். பம்ப் உறுமியது. தண்ணீர் வழக்கம்போல வந்தது, தடங்கல் இல்லாமல், குவளை நிறைந்து விரலில் வழியும்வரை. அளவி கீச்சிட்டது. நஞ்சப்பன் தம் விரலைப் பார்த்தார், பிறகு அளவியின் கண்ணைப் பார்த்தார். பதிவேட்டுக்கு நீரின் சூடும் போகும்.

"ஏழு டிகிரிங்க" என்றார். "நேத்து கரண்டு இருந்தப்பவே மூணுதானுங்க இருந்துச்சு."

"நேத்து நான் இல்லல்லா" என்றார் ரெமி.

அளவி இரண்டாம் முறையும் கீச்சிட்டது. அந்தச் சத்தத்தை மேல் சமவெளியில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. குவளையின் பக்கத்தில் எழுத்துகள் ஓடின: மேல் சமவெளி, மனை எண் ஒன்று. சலேத் அதை ஒரு முறைதான் படித்தாள்.

"மறுப்புப் படிவம் இருக்கா சார்?"

அவர் பையின் அடியில் கைவிட்டுத் துழாவினார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த தாள். "என்ற சர்வீசுல இத ஒருத்தரும் கேட்டதில்லைங்க."

கீழே சரிவில் டிராக்டர்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. சலேத் கட்டில் ஓரத்தில் தாளை வைத்துப் பதினொரு வீட்டின் எண்களையும் எழுதினாள். முகவரி என்ற கட்டத்தில் முகவரியை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் 'குடியிருக்கிறார்கள்' என்று எழுதினாள். கடைசியில் மறுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நஞ்சப்பன் தாளை அளவியின் கண்ணுக்குக் காட்டினார். சற்று நேரத்தில் சரிவில் சத்தம் நின்றது.

"மேல இருக்கறவங்க சும்மா இருக்க மாட்டாங்க அம்மணி. ஒரு வாரத்துல உங்களத் தேடி ஆள் வரும்."

"வரட்டும் சார். வீட்டுலதான் இருப்பேன்."

மத்தியானம் மின்சாரம் வந்ததும் எல்லோருமாகக் கிளாடிஸின் வீட்டுக்குப் போனார்கள். சலேத் பனியில் மல்லாந்து படுத்து, வீட்டுக்கு அடியில் தான் திறந்துவிட்ட வால்வுகளைத் தேடி ஒவ்வொன்றாக மூடினாள். தொட்டியில் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்கள். கிளாடிஸ் தன் கையாலேயே குழாயைத் திறந்தாள், இன்னும் முழுதாக நீளாத கையால். முதலில் காற்று இருமியது. பிறகு இளஞ்சிவப்பாக வந்தது. கழிவுக் குழாய் வழியே அது வெளியே பனியில் விழுந்து பரவியது. சிவப்பு, வெளிர்ச் சிவப்பு, சிவப்பா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு நிறம்.

"போதுமா?" என்று ரெமி வெளியிலிருந்து கேட்டார்.

"இன்னும் வரட்டும்" என்றாள் கிளாடிஸ்.

பனியில் விழுந்த நீர் பனியின் நிறத்துக்கே வந்த பிறகும் அவள் குழாயை மூடவில்லை. ஒரு குவளை பிடித்து வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினாள். இரண்டாவது குவளையைப் பிடித்துச் சலேத்திடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லுட்டி. உனக்குத்தான தெரியும்."