மதிப்பீட்டாளர் உள்ளே இருக்கிறார்!

செல்போன் அலறியது.

சுதாராணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"மேடம், பேங்க் இஞ்சினியர் ரஞ்சித் பேசறேனுங்க. உங்க ஊட்டுக்கு மதிப்பு போட வரணுமில்லீங்களா… மலை ரோட்டுல பன்னெண்டாவது பெண்டுல லாரி குறுக்க நிக்குதுங்க. மதியம் ஆயிருங்க."

"நீங்க… இன்னும் வரலீங்களா?"

"இல்லீங்களே! ஏனுங்க?"

போனை வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கூடத்தை ஒட்டிய பெரிய அறையில், கையில் டேப்போடு ஒருவன் சுவரை அளந்துகொண்டிருந்தான்!

ரஞ்சித் பெண்டில் நிற்கிறார் என்றால்… இவன் யார்?

தப்பு அவள் மேல்தான். காலையில் வாசலில் வந்து நின்றவனைப் பார்த்து, "பேங்குல இருந்துங்களா?" என்று இவளே கேட்டாள். அவன் ஒரு விநாடி விழித்தான். "ஆமாங்க!" என்றான். அவ்வளவுதான், உள்ளே விட்டு, அளக்க டேப்பையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள் மகராசி!

அவள் அவசரம் அவளுக்கு. நாகலூரில், காப்பித் தோட்டத்துக்கு நடுவே வெள்ளைக்காரன் காலத்து வீடு. வாங்குகிற சேலத்துக்காரருக்கு பேங்க் லோன். இன்றைக்கு மதிப்பு போட்டால் வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. சனிக்கிழமை அவள் இந்த மலையிலேயே இருக்க மாட்டாள்.

அதற்காக மூன்று நாளாகத் தூங்காமல் வேலை பார்த்திருந்தாள். படியில் பாசியைச் சுரண்டினாள். உடைந்த ஓடுகளை மாற்றினாள். சுவருக்கெல்லாம் தன் கையாலேயே பெயின்ட் அடித்தாள். புருஷன் தமிழ்செல்வன் பெங்களூர் போயிருப்பதாக ஊருக்கே சொல்லியிருந்தாள்.

அறை வாசலில் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், பத்திரம் பாக்கலீங்களா?"

"அது கெடக்குதுங்க." அவன் திரும்பவே இல்லை. சுவரை விரலால் தட்டினான். டக்… டக்… "ஊட்ல வேற யாரும் இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நொம்ப நல்லதுங்க."

போதாதா? கதவை இழுத்து வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள்! ஜன்னலுக்குக் கெட்டிக் கம்பி. எலி பொறிக்குள்ளே!

"ஐயோ… திருடன்!"

பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பொன்னுவேல் தடியோடு ஓடிவந்தார்.

"எங்கம்மா அவன்?"

"உள்ள போட்டு அடைச்சிட்டேனுங்க!"

"கெட்டிக்காரி! இரு, போலீஸுக்கு போன் அடிக்கிறேன்."

சுதாராணி அவர் கையைப் பிடித்தாள்.

"போலீஸு கீலீஸு எதுக்குங்க அண்ணா? நாலு தட்டு தட்டி முடுக்கி உட்ருங்க, போதும்."

பொன்னுவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதென்ன கூத்து? திருடனைப் புடிச்சவ நீ… நீயே போலீஸு வேண்டாங்கற?"

உள்ளே கரக்… கரக் என்று எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது.

"டேய்! என்னடா பண்ற?" சுதாராணி வெறி பிடித்தவளாகக் கதவைக் குத்தினாள். "சுவத்துல கை வெக்காத! தள்ளி நில்லுடா!"

சத்தம் நின்றது.

பிறகு ஓர் அலறல்!

"ஐயா! யாராச்சும் போலீஸைக் கூப்பிடுங்க! கும்புடறேன்… சீக்கிரம் கூப்பிடுங்க!"

பொன்னுவேலின் தடி நழுவியது. திருடனே போலீஸ் கேட்கிறானா? இதற்கு மேல் அவர் யாரையும் கேட்கவில்லை. போனை எடுத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் மீனாட்சி வந்து கதவைத் திறந்ததுதான் தாமதம், உள்ளே இருந்தவன் அவர் காலில் விழுந்தான்.

"நான் திருடந்தானுங்க மேடம். பேரு காளியண்ணன். பேங்க் ஆளாட்டம் நடிச்சதால உள்ளயும் வெளியயும் சுத்தி அளந்தேன். வெளிய புகைபோக்கி நிக்குது… உள்ள குளிர் காயற கணப்பைக் காணோம்! அந்த எடத்துல சுவரு ஈரமா இருந்துச்சு. நகையை வெச்சுப் பூசியிருக்காங்கன்னு ஸ்க்ரூ டிரைவர்ல நோண்டினேனுங்க…"

"கெடைச்சுதா?"

"மோதிரம் கெடைச்சுதுங்க மேடம்." காளியண்ணன் கேவினான். "வெரலோட!"

மீனாட்சி திரும்பினார். சுதாராணி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஊட்டை விக்கவே கூடாதுன்னு மூணு நாளைக்கு முன்னாடி எம்புருஷன் ஒத்தக் கால்ல நின்னாருங்க. காலம் பூரா இந்தப் பனிக்குள்ளயே என்னையப் பொதைக்கப் பாத்தாருங்க…" முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. பேங்க் இஞ்சினியர் ரஞ்சித், போலீஸைக் கவனிக்காமலேயே ஃபைலைப் பிரித்தார்.

"சாரிங்க, லேட் ஆயிருச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டீங்கன்னா அளக்க ஆரம்பிச்சுருவேன். ஊடு காலியா இருக்குதுங்களா, இல்ல யாராச்சும் குடியிருக்காங்களா?"

"குடியிருக்காருங்க!" என்றார் இன்ஸ்பெக்டர் மீனாட்சி. "மூணு நாளா வெளியவே வரலை. ஆளைக் காலி பண்ண வெக்க… கடப்பாரை வேணும்!"